ஆதரவு நின்ற இயங்குதளமும் பழைய கணிப்பொறியும்

பள்ளிகளுக்கும் களப் பணியாளருக்கும் ஒரு பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்த பின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களும் புல்வெளிகளும் சூழ அமைந்துள்ள ஊர் இது. ஆண்டின் பல மாதங்களில் மூடுபனியும் மழையும் இதனை விட்டு நீங்குவதில்லை. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மலைச்சாலையின் ஒரு பகுதி சரிந்து, போக்குவரத்து தடைப்பட்டது. இத்தகைய இடத்தில் ஒரு சாதனம் பழுதானால் அதனைச் சீர்செய்வோரை வரவழைப்பதும், புதியதொன்றை வாங்கி மேலே கொண்டுவருவதும் சமவெளியில் இருப்பதுபோல் எளிதன்று. ஆதலால் கையில் இருப்பதைப் பேணி நெடுநாள் பயன்படுத்துவது மலையூர்களில் ஓர் அவசியமே ஆகும்.

இவ்வாறு பேணப்பட வேண்டிய பொருள்களுள் கணிப்பொறியும் ஒன்று. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, அதனை உருவாக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. பொன்முடி போன்றதொரு மலையூர்ப் பள்ளியில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் வாங்கிய பத்துக் கணிப்பொறிகள் அந்த இயங்குதளத்துடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்டோபர் 15ஆம் நாள் காலையிலும் அவை வழக்கம்போல் இயங்கும். திரையில் யாதொரு மாறுதலும் தோன்றாது. அப்படியானால் ஆதரவு முடிந்தது என்பதற்குப் பொருள் என்ன? அக்கணிப்பொறிகளைக் கழித்துவிட வேண்டுமா, அன்றி இருந்தவாறே பயன்படுத்தலாமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

இயங்குதளமும் ஆதரவும்

கணிப்பொறியின் உறுப்புகளையும், நாம் பயன்படுத்தும் நிரல்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். விசைப்பலகையில் தட்டும் எழுத்தைப் பெறுவதும், அதனை ஹார்டு டிஸ்கில் எழுதுவதும், பிரிண்டருக்கு அனுப்புவதும், இணையத்தோடு தொடர்பு கொள்வதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. இது பல கோடி வரிகளால் ஆன நிரல்தொகுதி. இத்துணைப் பெரிய தொகுதியில் பிழைகள் இருப்பது இயல்பு. அவற்றுள் சில, அயலார் உள்ளே புகுவதற்கு வழி செய்யும் பிழைகளாக அமைந்துவிடுகின்றன. அவை தெரியவரும்போதெல்லாம் திருத்தம் எழுதி, உலகெங்குமுள்ள கணிப்பொறிகளுக்கு இலவசமாக அனுப்பி வைப்பதையே ஆதரவு என்கிறோம்.

இதனை ஏரிக்கரைக்கு ஒப்பிடலாம். கரையில் நண்டு வளைகளும் எலி வளைகளும் தோன்றிக்கொண்டே இருக்கும். கரையைச் சுற்றிவந்து அவற்றை அடைப்பதற்கு ஆள் இருக்கும்வரை ஏரிக்கு ஆபத்தில்லை. அந்த ஆள் நின்றுவிட்டால் அன்றே கரை உடைந்துவிடாது. ஆனால் அன்று முதல் தோன்றும் ஒவ்வொரு வளையும் அடைபடாமலே இருக்கும். ஒரு நாள் பெருமழையில் அதன் விளைவு தெரியும்.

கணிப்பொறியில் மேலும் ஓர் இடர் உண்டு. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் கட்டப்பட்டவை. புதிய பதிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடப்பட்டதும், தீய நோக்குடையோர் அதனை ஆராய்ந்து, பிழை எவ்விடத்தில் இருந்தது என்பதை அறிந்துகொள்கின்றனர். அதே பிழை பழைய பதிப்பிலும் இருக்குமானால், அங்கே அது திருத்தப்படாமல் கிடப்பதை அவர்கள் அறிவர். புதிய கரையில் வளை அடைக்கப்பட்ட இடமே, பழைய கரையில் வளை எங்கே என்பதைக் காட்டிக்கொடுத்து விடுகிறது. எனவே ஆதரவு நின்ற இயங்குதளத்தின் ஆபத்து நாளடைவில் வளர்ந்துகொண்டே போகிறது.

இதனோடு பிற நிரல்களும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் நின்றது. கூகுள் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 பிப்ரவரி முதல் அதில் இயங்கவில்லை. உலாவி பழையதானால் சில இணையதளங்கள் சரிவரத் திறவா.

ஒரு சிறு எச்சரிக்கையும் இங்கே தேவை. எல்லாக் கோளாறுகளும் ஆதரவு நின்றதால் விளைபவை அல்ல. பழைய கணிப்பொறியின் உள்ளே நாணய வடிவில் ஒரு சிறு பாட்டரி உண்டு. அது தீர்ந்துபோனால் மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களை உலாவி ஏற்க மறுக்கும். இதனைக் கண்டு கணிப்பொறி காலாவதியாகிவிட்டது என்று முடிவு செய்வது தவறு. பாட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தாலே போதும்.

2017 மே மாதத்தின் படிப்பினை

மேற்கூறியது கற்பனை அச்சம் அன்று. 2017 மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில நாட்களில் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகளை அது தாக்கியது. கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் படிக்க முடியாதவாறு பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் பெறுமான பிட்காயின் கேட்பது அதன் செயல். பிரிட்டனில் பொது மருத்துவமனைகளின் பணி முடங்கி, ஏறக்குறைய 19,000 நோயாளிகளுக்குக் குறித்திருந்த சந்திப்புகளும் சிகிச்சைகளும் ரத்தாயின எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் தாக்குண்டன. தொலைவிலுள்ள சிற்றூர் அலுவலகத்தை யார் நாடப் போகிறார்கள் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இது காட்டிற்று. தீநிரல் பெரியவர் சிறியவர் என்று பார்ப்பதில்லை. அடைபடாத வளை எங்கிருப்பினும் புகுந்துவிடுகிறது.

இந்நிகழ்ச்சியில் ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துரைக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. அத்தீநிரல் பயன்படுத்திய பிழைக்கு, ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கான திருத்தம் 2017 மார்ச் 14ஆம் நாளே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிடப்பட்டிருந்தது. ஆதரவு நின்றுபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ தாக்குதல் தொடங்கிய பின்னரே விதிவிலக்காகத் திருத்தம் அளிக்கப்பட்டது. ஆயினும் தாக்குண்ட கணிப்பொறிகளுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7 கொண்டவையே. அவற்றுக்குத் திருத்தம் கிடைத்தும் எவரும் அதனை நிறுவவில்லை. ஆகவே கேடு செய்தது பழமை மட்டும் அன்று; கவனக்குறைவே பெரும் காரணம். ஆதரவு இருப்பது வேறு, அதனைப் பயன்படுத்திக்கொள்வது வேறு.

கேரளமும் தமிழ்நாடும் கண்ட வழி

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, 2014 ஏப்ரல் 8ஆம் நாள் ஆதரவை இழந்தது. அதனை முன்னிட்டு 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, எக்ஸ்பியைப் பயன்படுத்திவந்த தன் துறைகளை ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறுமாறு அறிவுறுத்தியது. பாஸ் என்பது மத்திய அரசின் ஸ்தாபனமான சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்க வல்லது. எவரும் அதனை விலையின்றிப் பெற்று, எத்தனை கணிப்பொறிகளில் வேண்டுமாயினும் நிறுவிக்கொள்ளலாம்.

கேரளம் இத்துறையில் அதற்கு முன்பே அடியெடுத்து வைத்தது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை மாதம் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் தோன்றிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியைக் குனூ/லினக்ஸ் அடிப்படைக்கு மாற்றியது. அத்திட்டமே 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2019இல் இந்நிறுவனம், உபுண்டு 18.04 பதிப்பின் அடிப்படையில் அமைந்த இயங்குதளத்தைப் பள்ளிகளுக்காக வெளியிட்டது. இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்கு உரிமக் கட்டணம் இல்லாமற் போனதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அப்போது கணக்கிடப்பட்டது.

கட்டற்ற இயங்குதளத்திற்கு மாறிவிட்டால் ஆதரவு முடியும் தொல்லை ஒழிந்தது என்று எண்ணலாகாது. உபுண்டு 18.04 பதிப்பின் ஐந்தாண்டு ஆதரவு 2023இல் முடிவுற்றது. 22.04 பதிப்பின் ஆதரவு 2027 வரையும், 24.04 பதிப்பின் ஆதரவு 2029 வரையும் வகுக்கப்பட்டவை. 22.04 பதிப்பின் அடிப்படையில் கைட் நிறுவனம் 2024இல் புதிய தொகுப்பை வெளியிட்டது. ஆகவே நாள் குறிக்கப்படாத இயங்குதளம் யாதொன்றும் இல்லை. வேறுபாடு எதில் எனில், இங்கே அடுத்த பதிப்புக்குச் செல்வதற்குப் பணம் வேண்டுவதில்லை. பெரும்பாலான சமயங்களில் புதிய கணிப்பொறியும் வேண்டுவதில்லை. உழைப்பும் கவனமுமே வேண்டும்.

கணிப்பொறிகளை நான்கு வகையாகப் பிரித்தல்

ஆதரவு முடிந்த கணிப்பொறிகள் அனைத்தையும் ஒரே விதமாக நடத்துவது பொருந்தாது. ஒவ்வொன்றின் ஆண்டு, நினைவகத்தின் அளவு, செய்யும் பணி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கீழ்க்கண்டவாறு பிரிக்க வேண்டும்.

முதல் வகை: புதிய பதிப்பை ஏற்க வல்லவை. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், ஏறக்குறைய 2018ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட செயலியும் தேவை. இத்தகுதி உடையவற்றை உயர்த்திக்கொள்வதே நேரான வழி.

இரண்டாம் வகை: புதிய விண்டோஸை ஏற்காவிடினும் நல்ல நிலையில் உள்ளவை. இவற்றுக்கு லினக்ஸ் ஏற்றது. 4 ஜி.பி. நினைவகம் இருப்பின் வழக்கமான பதிப்பும், 2 ஜி.பி. மட்டும் இருப்பின் லுபுண்டு, சுபுண்டு போன்ற இலகுவான பதிப்பும் பொருந்தும். பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், புதிய கணிப்பொறிக்கு ஆகும் செலவில் சிறு பகுதியிலேயே வேகம் பன்மடங்கு கூடும். 32 பிட் செயலி மட்டும் கொண்ட மிகப் பழைய கணிப்பொறிகளுக்கு வாய்ப்பு குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. டெபியன் 12 பதிப்புக்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை வகுக்கப்பட்டுள்ளது.

மூன்றாம் வகை: பழைய விண்டோஸில் மட்டுமே இயங்கும் ஒரு நிரலுக்காகவோ கருவிக்காகவோ வைத்திருக்க வேண்டியவை. ஆய்வுக்கூட அளவீட்டுக் கருவி, மழைமானியின் பதிவுப்பெட்டியிலிருந்து தரவைப் பெறும் நிரல் போன்றவை இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றை இணையத்திலிருந்தும், அலுவலகத்தின் பிற கணிப்பொறிகளிலிருந்தும் பிரித்துவைக்க வேண்டும். வலைக் கேபிளைக் கழற்றுவதோடு வைஃபையையும் அணைக்க வேண்டும். தரவை எடுப்பதற்கென்றே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதனை ஒவ்வொரு முறையும் ஆதரவுடைய கணிப்பொறியில் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நான்காம் வகை: பழுதுபார்க்கத் தகாதவை. இவற்றிலுள்ள தரவைக் காப்பாற்றிக்கொண்டு, உரிய முறையில் கழித்துவிட வேண்டும்.

உடனடியாக மாற இயலாதவர்களுக்கு ஓர் இடைக்கால வழியும் உண்டு. விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தனிப்பட்டோருக்கு 2026 அக்டோபர் 13 வரையிலும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் 2028 அக்டோபர் வரையிலும் மைக்ரோசாப்ட் நீட்டித்தது. இது அவகாசமே அன்றித் தீர்வன்று. அவகாசத்தைப் பெற்றவர்கள் அதற்குள் மாற்றத்தைத் திட்டமிட்டு முடிக்க வேண்டும்.

மாற்றத்திற்கு முன் செய்ய வேண்டியவை

இயங்குதளத்தை மாற்றுகையில் நேரிடும் பெரும் இழப்பு கணிப்பொறியின் இழப்பன்று. பதிவுகளின் இழப்பே ஆகும். மாணவர் பட்டியல், மதிப்பெண், பல ஆண்டுகளின் மழையளவு, குடும்பக் கணக்கெடுப்பு ஆகியவை ஒருமுறை அழிந்தால் மீட்பதரிது. ஆகையால் கீழ்க்கண்ட ஒழுங்கைப் பின்பற்றுதல் நலம்.

1. எல்லாக் கோப்புகளையும் இரு பிரதிகள் எடுக்க வேண்டும். ஒரு பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். இடி மின்னல் மிகுந்த துலா மாதத்தில் ஒரே அறையிலுள்ள சாதனங்கள் அனைத்தும் ஒருங்கே பழுதாகக் கூடும் என்பதை மலைப்பகுதியினர் அறிவர்.

2. பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதனை வேறொரு கணிப்பொறியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதி, பிரதி ஆகாது.

3. லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பிரிண்டர், ஸ்கேனர், ஒலி, வைஃபை ஆகியவை வேலை செய்கின்றனவா என்பதையும், அலுவலகத்தில் டிஜிட்டல் கையொப்பச் சாதனம் பயன்படுமாயின் அதனையும் அவ்விதம் சோதிக்க வேண்டும்.

4. முதலில் ஒரே ஒரு கணிப்பொறியை மாற்றி, இரு வாரம் அன்றாடப் பணிக்குப் பயன்படுத்த வேண்டும். அதில் எழும் குறைகளைக் குறித்துவைத்துத் தீர்த்த பின் மற்றவற்றை மாற்றலாம்.

5. மழைக்காலத்திற்கு முன்பே நிறுவல் கோப்புகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நன்று. சாலையும் இணைப்பும் தடைப்படும் காலத்தில் அது பெரிதும் உதவும்.

புதிய இயங்குதளம் பழகும்வரை பணியாளருக்குத் தடுமாற்றம் இருக்கவே செய்யும். எழுதிய கடிதத்தின் அமைப்பு லிப்ரே ஆபீஸில் சற்று மாறித் தோன்றலாம். சில பழைய பிரிண்டர்கள் இயங்க மறுக்கலாம். இவற்றை மறைக்காமல் முன்கூட்டியே எடுத்துரைத்து, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்வது அலுவலகத் தலைவரின் கடமை.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

தமிழில் பணிபுரிவோர் தனியே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டாம், வானவில் முதலிய பல குறியீட்டு முறைகளில் ஆவணங்கள் எழுதப்பட்டன. அந்தக் கோப்புகளை, அதே எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி அதனை அழித்துவிடுவது பேரிழப்பாகும். பழைய கணிப்பொறியிலுள்ள எழுத்துருக்களையும் தரவோடு சேர்த்துப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துரு மாற்றி நிரல்களின் உதவியால் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. மாற்றிய பின் ஒவ்வோர் ஆவணத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். பெயர்களும் எண்களும் பிழையின்றி இருத்தல் வேண்டும்.

கழிக்கும் முறை

கோப்பை அழித்துவிட்டால் தரவு மறைந்துவிடுவதில்லை. அதன் இருப்பிடக் குறிப்பு மட்டுமே நீங்குகிறது; உரிய நிரல் கொண்டு பிறர் அதனை மீட்டுவிட முடியும். எனவே கழிக்கப்படும் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்க வேண்டும். அது இயங்காத நிலையில் இருந்தால் கழற்றிச் சிதைத்துவிட வேண்டும். மாணவருடைய முகவரியும் ஆதார் எண்ணும் பழைய இரும்புக் கடைக்குச் செல்லலாகாது. பழைய கண்ணாடித் திரைகளில் ஈயம் உண்டு. அவற்றைக் காட்டிலும் ஓடைக் கரையிலும் எறிவது மண்ணுக்கும் நீருக்கும் கேடு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இருப்புப் பதிவேட்டில் ஒரு புதிய கட்டம்

ஒவ்வொரு பள்ளியிலும் அலுவலகத்திலும் இருப்புப் பதிவேடு உண்டு. கணிப்பொறி வாங்கிய நாளும், விலையும், எண்ணும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆதரவு முடியும் நாள் மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. மருந்துப் புட்டியின் மேல் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருப்பதால் நாம் அதனைப் பார்த்துக்கொள்கிறோம். இயங்குதளத்திற்கும் அத்தகைய நாள் உண்டு. அது பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கும், விண்டோஸ் 7க்கும், விண்டோஸ் 10க்கும் அந்த நாள் திடீரென வந்ததன்று.

ஆகவே பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டி, இயங்குதளத்தின் பெயரையும் ஆதரவு முடியும் நாளையும் எழுதிவைக்க வேண்டும். அதே நாளை ஒரு சிறு சீட்டில் எழுதிக் கணிப்பொறியின் மேல் ஒட்டிவைக்கலாம். அந்நாளுக்கு ஓராண்டு முன்பே மேற்சொன்ன பிரிவினையைத் தொடங்கினால், அவசரமும் வீண் செலவும் நேரா. ஆதரவு முடியும் நாள் கணிப்பொறியின் இறுதி நாள் அன்று. அதனைப் பேணுவோர் முடிவெடுக்க வேண்டிய நாள். நாளறிந்து கவனிப்போர் கையில் பத்தாண்டுப் பழைய கணிப்பொறியும் மலையூர்ச் சிறுவர்க்குக் கல்வியளிக்கும். கவனியாதோர் கையில் நேற்று வாங்கியதும் பாதுகாப்பற்றதே.

மாணவர்க்கும் பணியாளர்க்கும் சில வினாக்கள்

1. ஆதரவு நின்ற இயங்குதளம் தொடர்ந்து இயங்கினும் அதன் ஆபத்து நாளடைவில் வளர்வது ஏன்?

2. 2017 மே மாதத் தாக்குதலில் விண்டோஸ் 7 கணிப்பொறிகள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டதிலிருந்து அறியப்படுவது யாது?

3. உங்கள் பள்ளியில் அல்லது அலுவலகத்தில் உள்ள கணிப்பொறிகளைப் பட்டியலிட்டு, மேற்கூறிய நான்கு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.

4. அவற்றுள் ஒவ்வொன்றின் இயங்குதளத்திற்கும் ஆதரவு முடியும் நாளைக் கண்டறிந்து இருப்புப் பதிவேட்டில் குறிக்க.